தண்ணீர்ப் பட்டியலில் யாருடைய பெயர்?

யாழ்ப்பாணத்துப் பழைய காணி உறுதி ஒன்றை எடுத்து வாசித்துப் பாருங்கள். பரப்புக் கணக்கு, நாற்றிசை எல்லை, நின்ற பனை, பயன்தரு மரங்கள் எல்லாம் எழுதி முடித்த பிறகு கிணறு வரும். கிணற்றில் இத்தனை பங்கு, போக வர வழி, வாய்க்கால் உரிமை என்று நொத்தாரிசு ஒன்றும் விடாமல் எழுதியிருப்பார். என் அம்மாவின் சீதன உறுதியிலும் அப்படித்தான். கிணற்றில் மூன்றில் ஒரு பங்கு. தேசவழமையில் சீதனம் பெண்ணின் பெயரிலேயே எழுதப்படுவதால் அந்தத் தண்ணீரில் அம்மாவுக்கு இருந்த பங்கு எழுத்தில், அவருடைய சொந்தப் பெயரில் இருந்தது. அதற்காக மாதாமாதம் யாருக்கும் காசு கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கோடையில் கிணறு இறைத்துச் சேறெடுக்கும்போது பங்குக்காரர் சேர்ந்து செலவைப் பிரித்துக்கொள்வார்கள். அவ்வளவுதான்.

இப்படித் தண்ணீரைப் பங்காக வைத்திருந்த பெண்கள்தான் கொழும்புக்கு வந்து தண்ணீரை வாடகையோடு சேர்த்து வாங்கப் பழகினார்கள். 1990இல் வந்தவர்கள், 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வுக்குப் பின் வந்தவர்கள், 2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்ட பிறகு கப்பலிலும் விமானத்திலும் வந்து சேர்ந்தவர்கள் என்று எத்தனையோ பேர். வெள்ளவத்தை ஒழுங்கைகளில் ஓர் அனெக்ஸ், கொட்டாஞ்சேனையில் மாடியில் ஓர் அறை. வீட்டுக்காரர் முதல் நாளே சொல்லிவிடுவார்: "வாடகை இவ்வளவு. லைற்றும் தண்ணியும் தனி." எல்லாரும் சரி என்று தலையாட்டுவோம். அந்தத் "தனி" என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. வீடு கிடைத்ததே பெரிய காரியம் என்ற நிலையில் அதை எப்படிக் கேட்பது?

நான் சமூக சேவையில் இருக்கும் இந்த வருடங்களில் குடும்ப வன்முறை, கடன், பிள்ளையின் படிப்பு என்று பலதுக்காகவும் பெண்கள் என்னைத் தேடி வந்திருக்கிறார்கள். தண்ணீர்ப் பட்டியலுக்காக என்று யாரும் வந்ததில்லை. ஆனால் பேசப் பேச, பத்தில் மூன்று நான்கு கதைகளில் எங்கோ ஓரிடத்தில் அது தலை காட்டும். "அன்ரி இந்த மாதமும் தண்ணிக் காசு கூட்டிப்போட்டா, மிஸ்." "இரவு பத்து மணிக்குப் பிறகு மோட்டரை நிற்பாட்டிப்போடுவினம்." மட்டக்களப்பிலிருந்து தாயாரை மகரகமை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து மூன்று கிழமை தன்னோடு வைத்திருந்த ஒரு பெண்ணிடம் வீட்டுக்காரர் ஓர் ஆளுக்கான தண்ணீர்க் காசைக் கூடுதலாக வாங்கினார். தாயார் படுத்த படுக்கையாக இருந்தவர். "அம்மா குளிச்சதே ரெண்டு தரம்தான்" என்று சொல்லி அந்தப் பெண் சிரித்தாள். பிறகு அழுதாள்.

கொழும்பு நகரத்துக்குத் தண்ணீர் லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும், அம்பத்தலேயில் களனி கங்கையிலிருந்து எடுத்துச் சுத்திகரித்தும் வருகிறது. பட்டியல் அனுப்புவது 1975இல் தொடங்கப்பட்ட தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை. பட்டியலில் முந்திய வாசிப்பு, இப்போதைய வாசிப்பு என்று இரண்டு இலக்கம் இருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது பாவித்த அலகு. ஓர் அலகு என்பது ஒரு கனமீற்றர், அதாவது 1,000 லீற்றர். இதுவரைக்கும் எல்லாருக்கும் விளங்கும். விளங்காமல் போவது இதற்குப் பிறகுதான். அலகு கூடக் கூட, ஒவ்வோர் அலகின் விலையும் படிப்படியாக ஏறும். சேவைக் கட்டணமும் கூடவே ஏறும்.

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள், கணக்கென்று பக்கத்தைப் புரட்ட வேண்டாம். 2012 ஒக்ரோபரிலிருந்து 2022 வரை 10 வருடங்களாக நடைமுறையில் இருந்த சாதாரண வீட்டுக் கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். முதல் 5 அலகுக்கு அலகொன்று 12 ரூபா. அடுத்த 5க்கு 16 ரூபா. அதற்கடுத்த 5க்கு 20 ரூபா. ஒரு சிறு குடும்பம் மாதம் 12 அலகு பாவித்தால் 60, 80, 40 என்று 180 ரூபாவும், சேவைக் கட்டணம் 70 ரூபாவும் சேர்ந்து வரி நீங்கலாக 250 ரூபா. இப்படி நான்கு குடும்பங்கள் நான்கு மீற்றரில் பாவித்தால் மொத்தம் 1,000 ரூபா.

அதே நான்கு குடும்பங்களும் அதே அளவு தண்ணீரை ஒரே வீட்டில் ஒரே மீற்றரில் பாவித்தால்? 48 அலகு. இப்போது படி ஏறத் தொடங்குகிறது. 16ஆவது அலகிலிருந்து 40 ரூபா, 21இலிருந்து 58, 26இலிருந்து 88, 31இலிருந்து 105, 41இலிருந்து 120. சேவைக் கட்டணம் 650. எல்லாம் கூட்டினால் 3,830 ரூபா. தண்ணீர் ஒரு வாளிகூடக் கூடவில்லை. குடும்பத்துக்கு 250 ரூபாவாக இருந்தது 957 ரூபா 50 சதமாகிவிட்டது.

இந்தப் படிமுறையை வகுத்தவர்களின் நோக்கம் நல்லதுதான். பூந்தோட்டத்துக்குக் குழாயால் அடிப்பவர், இரண்டு கார் கழுவுபவர் கூடக் கட்டட்டும், சின்னக் குடும்பம் குறைவாகக் கட்டட்டும் என்பதே அதன் எண்ணம். ஆனால் மீற்றருக்கு வீடுதான் தெரியும், வீட்டுக்குள் எத்தனை அடுப்பு எரிகிறது என்று தெரியாது. ஒரே கூரைக்குள் நெருக்கியடித்து இருக்கும் நான்கு ஏழைக் குடும்பங்கள் மீற்றரின் கண்ணுக்கு ஒரு பணக்கார வீடாகத் தெரிகிறார்கள். சமுர்த்திக் குடும்பங்களுக்கும் கொழும்பில் "தோட்டம்" என்று சொல்லும் நெருக்கமான குடியிருப்புகளுக்கும் குறைந்த கட்டணம் தனியாக வகுக்கப்பட்டிருந்தது உண்மை. ஆனால் யாரோ ஒருவரின் வீட்டில் பின் அறையில் இருக்கும் வாடகைக்காரிக்கு அந்தச் சலுகை போய்ச் சேர வழியில்லை. அவளுடைய தண்ணீர் வீட்டுக்காரரின் கணக்கில்தானே ஓடுகிறது.

2022 செப்டெம்பரில் கட்டணம் ஏறியது. 2023 ஓகஸ்டில் மறுபடியும் ஏறியது. 2024 ஓகஸ்டில் கொஞ்சம் குறைந்தது. தொகைகள் மாறினவே தவிர ஏணி அதே ஏணிதான். ஏறிய இரண்டு தடவையும் வீட்டுக்காரர்கள் உடனே வந்து சொன்னார்கள் என்று பெண்கள் என்னிடம் சொன்னார்கள். குறைந்ததைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

காசு ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த ஏணி வீட்டுக்குள் மூட்டும் சண்டைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. வெள்ளவத்தையில் ஒரு வீடு. கீழே வீட்டுக்கார அன்ரி, மேலே மூன்று அறைகளில் மூன்று பெண்கள் பிள்ளைகளோடு. மூவரும் போரில் எல்லாவற்றையும் இழந்து வந்தவர்கள். ஒரு மாதம் பட்டியல் இரட்டிப்பாக வந்தது. முதலில் சந்தேகம் போனது கைக்குழந்தை வைத்திருந்த முல்லைத்தீவுப் பெண்ணின் மேல். "அவள் ஒரு நாளைக்கு நாலு தரம் பிள்ளையின்ர துணி தோய்க்கிறாள்." அவள் அதற்குப் பிறகு மற்றவர்கள் நித்திரைக்குப் போன பின்னர்தான் துணி அலசத் தொடங்கினாள். அடுத்த மாதமும் குறையவில்லை. பிறகு பக்கத்து அறையில் பலகாரம் செய்து கடைகளுக்குக் கொடுக்கும் அக்காவின் மேல் பழி விழுந்தது. குழாயடியில் யார் எத்தனை வாளி எடுக்கிறார்கள் என்று ஒருவரை ஒருவர் எண்ணத் தொடங்கினார்கள். ஒரே முகாமில் ஒரு சோற்றைப் பகிர்ந்து தின்றவர்கள் இரண்டு பேர் அதில் இருந்தார்கள்.

நான் போனது வேறு அலுவலுக்கு. பேச்சு இதில் வந்து நின்றதால் அன்ரியிடம் பட்டியலைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். அவர் முதலில் விரும்பவில்லை, பிறகு எடுத்துத் தந்தார். மூன்று மாதத்துப் பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது அலகு திடீரென்று எகிறியிருந்தது தெரிந்தது. நாலு துணி தோய்ப்பதால் அவ்வளவு எகிறாது. அன்றிரவு எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீற்றர் இலக்கத்தைக் குறித்து வைத்து, காலையில் யாரும் குழாய் திறக்க முன்னர் மறுபடி பார்க்கச் சொன்னேன். இலக்கம் ஓடியிருந்தது. மேலே தாங்கியின் மிதவை வால்வு பழுதாகி, வழிந்த தண்ணீர் மேலதிகக் குழாயால் பின்சுவர்ப் பக்கம் கானுக்குள் போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஒரு பிளம்பர் வந்து அரை மணித்தியாலத்தில் திருத்தினார். பட்டியல் இறங்கியது. அந்த மூன்று பெண்களும் பழையபடி கதைத்துச் சிரிக்க அதைவிட அதிக காலம் பிடித்தது.

இந்தச் சோதனையை எவரும் செய்யலாம். காசு செலவில்லை. பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதுதான் கடினம். வாடகைக்கு இருப்பவள் பட்டியலைக் கேட்பதை மரியாதைக் குறைவு என்று நினைக்கிறோம். நான் அப்படி நினைக்கவில்லை. பங்கு காசு கொடுப்பவளுக்கு முழுத் தொகையைப் பார்க்க உரிமை இருக்கிறது. ஊரில் கிணறு இறைத்த செலவைப் பங்குக்காரர் முன்னால் வைத்துத்தானே பிரித்தார்கள்.

வீட்டுக்காரர்கள் எல்லாரையும் குற்றம் சொல்லவும் மாட்டேன். வாடகையை மட்டும் நம்பிச் சீவிக்கும் விதவைகள் அவர்களுக்குள்ளும் இருக்கிறார்கள். 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் வாடகைக்காரருக்குப் பெரிய பாதுகாப்பைக் கொடுத்ததால், எந்தத் துண்டுக் கடதாசி கொடுத்தாலும் வீடு கையை விட்டுப் போய்விடும் என்ற பயம் கொழும்பில் பரம்பரையாக ஊறிக்கிடக்கிறது. அந்தப் பயத்தின் விளைவாகத்தான் பற்றுச்சீட்டும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை, பட்டியலில் பெயரும் இல்லை. ஒன்பது வருடம் ஒரே அறையில் இருந்து ஒரு மாதமும் தவறாமல் தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் காசு கொடுத்த ஒரு பெண்ணிடம், அவள் அங்கே இருந்தாள் என்று காட்ட ஒரு கடதாசி இருக்கவில்லை. மகனை முதலாம் வகுப்புக்குச் சேர்க்கப் போனபோதுதான் அது அவளுக்கு உறைத்தது. பாடசாலை அனுமதிக்கு வதிவிடத்தை நிரூபிக்க வேண்டும். வாக்காளர் இடாப்பு, உறுதி அல்லது குத்தகை ஒப்பந்தம் இவற்றோடு தண்ணீர்ப் பட்டியல், மின்சாரப் பட்டியல் போன்றவையும் துணை ஆவணங்களாகக் கேட்கப்படும். வங்கியில் கணக்குத் திறக்கப் போனாலும் முகவரிக்கு அதே பட்டியலைத்தான் கேட்பார்கள்.

முகவரி என்பது எங்களுக்கு வெறும் கடிதம் வரும் இடமாக இருந்ததில்லை. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பெண்களும் இருந்தார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடையுத்தரவு கொடுத்து அதை நிறுத்தியது. 2008 செப்டெம்பரில் வடக்கிலிருந்து கடந்த ஐந்து வருடங்களுக்குள் மேல் மாகாணத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் பொலிஸில் பதிய வேண்டியிருந்தது. "ஏன் கொழும்பில் நிற்கிறீர்கள், எங்கே நிற்கிறீர்கள்" என்ற கேள்விக்குப் பதிலை வாயால் சொல்லிப் பயனில்லாத காலம் அது. கையில் கடதாசி வேண்டும். அந்த வருடங்களில் கொழும்பில் இருந்த பெண்கள் முகவரி போட்ட எந்தத் துண்டையும் எறியமாட்டார்கள். இன்றைக்கும் சிலரின் கைப்பைக்குள் பொலித்தீன் உறையில் சுற்றிய அந்தக் கட்டு இருக்கிறது. நான் கண்டிருக்கிறேன்.

அந்த ஒன்பது வருடப் பெண்ணுக்கு என்ன செய்தோம் என்றால், வீட்டுக்காரரோடு சண்டை போடவில்லை. அவரும் அவளும் கிராம அலுவலரிடம் ஒன்றாகப் போனார்கள். அடுத்த வருடம் வாக்காளர் கணக்கெடுப்புப் படிவம் வந்தபோது அவளுடைய பெயரையும் எழுதச் சம்மதித்தார். ஒரு வருடத்துக்கென்று காலம் குறித்த ஒப்பந்தம் ஒன்று எழுதப்பட்டது. காலம் குறித்தால் அவருக்கும் பயமில்லை. தண்ணீர்க் காசு கொடுக்கும் ஒவ்வொரு மாதமும் ஒரு சி.ஆர். கொப்பியில் திகதி, மீற்றர் வாசிப்பு, பட்டியலின் மொத்தத் தொகை, தன் பங்கு என்று எழுதி அவரிடம் கையொப்பம் வாங்குகிறாள். பட்டியலைத் தன் கைத்தொலைபேசியில் படமும் பிடித்து வைக்கிறாள். மகனுக்கு முதலில் விரும்பிய பாடசாலை கிடைக்கவில்லை, தூரத்தில் இன்னொன்று கிடைத்தது. இரண்டாவது பிள்ளைக்கு இந்தக் கொப்பியும் ஒப்பந்தமும் கைகொடுக்கும் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள்.

ஊருக்குத் திரும்பிப் போனவர்களும் இதை வாசிப்பீர்கள். உங்களுக்கும் இப்போது மீற்றர் வந்துகொண்டிருக்கிறது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்து 2014, 2015இல் நாங்கள் பட்ட பாட்டுக்குப் பிறகு, கிணற்றை மட்டும் நம்பியிருக்க முடியாது என்று பலருக்கும் விளங்கிவிட்டது. வடமராட்சி கிழக்குத் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் அதன் கொள்ளளவு. மட்டக்களப்பில் உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் குழாயில் வருகிறது. சபையின் குழாய் எட்டாத கிராமங்களில் சமூக நீர் வழங்கல் சங்கங்கள் தாங்களே தண்ணீர் கொடுத்துத் தாங்களே காசு சேர்க்கின்றன. அங்கே பட்டியலில் மட்டுமல்ல, சங்கத்தின் அங்கத்துவத்திலும் பெயர் யாருடையது என்று பார்க்க வேண்டும். கூட்டத்தில் வாக்கு அந்தப் பெயருக்குத்தான்.

நான் கேட்பது இவ்வளவுதான். காணி உங்கள் சீதனமாக இருந்தால் இணைப்பு விண்ணப்பத்தில் உங்கள் பெயரைப் போடுங்கள். "வீட்டுத் தலைவர்" என்ற இடத்தைக் கண்டவுடன் அண்ணனின் பெயரையோ மருமகனின் பெயரையோ எழுதும் பழக்கம் எங்களிடம் இருக்கிறது. உறுதியில் உங்கள் பெயரிலிருந்த கிணற்றுப் பங்கு, குழாய் வரும்போது இன்னொருவர் பெயருக்குப் போக வேண்டிய அவசியம் என்ன? என்ன பத்திரங்கள் வேண்டும் என்பதை உங்கள் பிரதேச அலுவலகத்தில் கேட்கலாம், 1939 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். தமிழில் கேளுங்கள்.

காணியும் இணைப்பும் கணவனின் பெயரில் இருந்து, அவர் காணாமற்போனவராக இருந்தால் விடயம் அவ்வளவு இலகுவல்ல. இறப்புச் சான்றிதழ் எடுக்க மனம் வராத பெண்களுக்காகக் காணாமற்போனமைச் சான்றிதழ் வழங்க 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் வழி செய்தது. அவர் இறந்துவிட்டார் என்று சொல்லாமலே பல அலுவல்களை அதைக் கொண்டு பார்க்கலாம். ஆனால் அதையும் எல்லாரும் விரும்புவதில்லை.

கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா இருக்கிறார். கணவர் வேலைக்குப் போன இடத்தில் கொண்டுபோகப்பட்டு 15 வருடத்துக்கு மேலாகிறது. சொந்தமாக வாங்கிய சின்ன வீடு, தண்ணீர் இணைப்பு அவருடைய பெயரில். பட்டியல் வந்தால் இரண்டு நாளுக்குள் தபாற்கந்தோருக்குப் போய்க் கட்டிவிடுவார். ஒரு மாதமும் நிலுவை வைத்ததில்லை. வாடகைக்கு இருக்கும் பெண்களிடம் பெயர், பெயர் என்று சொல்லித் திரியும் நான் அவரிடமும் ஒருநாள் சொன்னேன், உங்கள் பெயருக்கு மாற்றிவிட்டால் பின்னால் வசதி என்று.

"பிள்ளை, வாக்காளர் இடாப்பில பெயர் இல்லை. வங்கிப் புத்தகம் மூடியாச்சு. வேலை செய்த இடத்தில ஆளே மாறியாச்சு. அவருக்கு இப்பவும் பெயரும் விலாசமும் போட்டு ஒரு கடிதம் அனுப்பிறது தண்ணிச் சபைதான்."

அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சட்டப்படி நான் சொன்னது சரி. வீட்டுக்குப் பின்னால் பிள்ளைகளுக்கு ஒரு சிக்கல் வரக்கூடாது என்பதும் சரி. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இப்போது பட்டியல் குறுஞ்செய்தியாகத் தொலைபேசிக்கு வருகிறது. அக்காவின் தொலைபேசிக்கும் வருகிறது. அதில் கணக்கு இலக்கமும் தொகையும் மட்டுமே அவருக்குத் தெரிகிறது. போன மாதம் நான் போனபோது, தபாற்கந்தோரில் பணம் கட்டிய பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் அவர் பேனையால் தன் கணவரின் முழுப் பெயரையும் வீட்டு இலக்கத்தையும் எழுதி, மற்றப் பட்டியல்களோடு சேர்த்து ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.